பிரெஞ்சுத் தையல்காரனின் ஒற்றை நூல்

மதராஸிலிருந்து துப்பறிபவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று கேட்டதும், திருத்தணி இன்ஸ்பெக்டர் அறையில் இருந்த ஒரே காலி நாற்காலியின் மேல் தம் தொப்பியைக் கழற்றி வைத்தார்.

ஜெகநாதன் நின்றுகொண்டார். அவருடைய உதவியாள் பெருமாளுக்கு நிற்பது பிடிக்காது. பன்னிரண்டு வருஷம் நாடகக் கம்பெனியில் ஹாஸ்ய நடிகனாக இருந்து வளர்த்த தொந்தி அது. கால்கள் அதற்குச் சம்மதிப்பதில்லை.

"தொப்பி ராத்திரியெல்லாம் ரோந்து போயிருக்கும் சார். பாவம், உக்காரட்டும்" என்றான்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "குத்தவாளி உள்ள இருக்கான். சாட்சி இருக்கு. மூணு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தப் போறேன். நீங்க மலையேறி சாமி கும்பிட்டுட்டு ரயிலைப் புடிங்க."

விஷயம் இதுதான். யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்றாம் வருஷம். நாலு நாளைக்கு முன், ஆடிக் கிருத்திகை அன்று ஊரே காவடிக் கூட்டத்தோடு மலைமேல் இருந்த சமயம், ஸ்டேஷன் ரோட்டில் சுந்தரமூர்த்தியின் தையல் கொட்டகைக்குள் யாரோ புகுந்து, பத்து மிஷின்களில் ஆறை உடைத்துவிட்டார்கள். பட்டாளத்துக்கு ஸ்ட்ரெச்சர் தைக்கும் கொட்டகை அது. அடிபட்ட சிப்பாய்களைப் படுக்க வைத்துத் தூக்கிப் போவார்களே, அந்தக் கான்வாஸ் டோலி. பட்டாளத்து வேலைக்கு இடைஞ்சல் செய்தவனுக்கு யுத்த காலச் சட்டப்படி ஐந்து வருஷம் நிச்சயம்.

நேற்றுச் சாயங்காலம் பிடிபட்டவன் ஊர்த் தையல்காரர்களுக்குத் தலைவனான கோதண்டம். ஊருக்கு வருகிற நூல்கண்டு அத்தனையும் கொட்டகைக்கே போய், இவர்கள் மிஷின்கள் தூங்கிக்கொண்டிருந்தன. "உன் மிஷின் ஒண்ணுகூட ஓடாது பாரு!" என்று அவன் சந்தையில் நாலு பேர் கேட்கக் கத்தியது வாஸ்தவம். அவன் மனைவி தேவகி இரவோடு இரவாக அடித்த தந்திதான் ஜெகநாதனை இங்கே கொண்டு வந்திருந்தது.

"சாட்சி என்ன?" என்றார் ஜெகநாதன்.

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை மேஜைமேல் விட்டெறிந்தார். கொட்டகைக் கதவில் ஒட்டியிருந்ததாம். கொட்டை எழுத்தில் இருந்தது:

'பிரான்ஸ் தேசத்தில் திமோனியே என்பவன் வைத்த எண்பது தையல் மிஷின்களை இருநூறு தையல்காரர்கள் கூடி உடைத்தார்கள். திருத்தணித் தையல்காரர்களும் அவ்வாறே செய்தோம். இனி மிஷின் கொட்டகை வைப்பவன் கதியும் இதுவே.'

ஜெகநாதன் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு லாக்கப் கம்பியருகே போனார்.

கோதண்டம் எழுந்திருக்கவில்லை. "நீயும் அந்தக் கொட்டகைக்காரன் ஆளா? போய்யா."

"திமோனியே யாருன்னு தெரியுமா?"

"தெரியாம இன்னா? தையல் மிஷினை மொதமொதல்ல செஞ்சவன். வெள்ளைக்காரன்தான், ஆனா நம்மளாட்டம் தையல்காரன். கடைசில பொழைக்க வழியில்லாம, மிஷினை முதுகுல தூக்கிகினு பாரீஸ்லேர்ந்து சொந்த ஊருக்கு நடந்தே போனானாம். ஊருக்கு ஊரு அதை ஓட்டிக் காட்டி, கூத்தாடி மாதிரி வயித்தைக் கழுவிகினு போனான். ஏழையாவே செத்தான்."

"அவர் மிஷினை எல்லாம் உடைச்சாங்களே?"

கோதண்டம் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "ஒடச்சாங்களா? யாரு?"

"தையல்காரங்க."

"சீ! தையல்காரன் மிஷினைத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான்யா உக்காருவான். உனக்கு எவன் சொன்னான் இதை?"

"நடிக்கிறான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் பன்னெண்டு வருஷம் நடிச்சவன் சார்" என்றான் பெருமாள். "இந்த மூஞ்சிக்கு எங்க கம்பெனியில திரை இழுக்கிற வேலைகூடக் கிடைக்காது."

"உங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னது யார்?" என்று ஜெகநாதன் கோதண்டத்தைக் கேட்டார்.

"மிஷின் ஏஜெண்டு சிவப்பிரகாசம். ஸ்டேஷன் எதிர் ஓட்டல்லதான் தங்குவான்."

வெளியே வந்ததும் ஜெகநாதன் நடையை எட்டிப் போட்டார். பெருமாள் பின்னால் மூச்சு வாங்கினான். தெரு முழுக்க அவர்களை முறைத்தது. கோதண்டத்துக்காக வந்தவர்கள் என்று கொட்டகைப் பக்கத்து ஆட்கள் முறைத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வருகிறவர்கள் என்று தையல்காரர்கள் முறைத்தார்கள். ஒரு கடைக்காரன் பெருமாளுக்கு வெற்றிலைகூடத் தரமாட்டேன் என்றுவிட்டான்.

"இந்த ஊர்ல முருகனுக்குத்தான் கோபம் தணிஞ்சிருக்கு சார். மத்தவங்களுக்கு அப்படியே இருக்கு."

ஓட்டலில் சிவப்பிரகாசம் ரயிலுக்குத் தயாராக நின்றிருந்தான். காலரில் பவுடர், கையில் டிக்கெட், காலடியில் தகரப் பெட்டி. ஜெகநாதன் பெயரைச் சொன்னதும், "எனக்கு நேரமில்லீங்க" என்று குனிந்தான். அவன் கை படுவதற்குள் பெருமாள் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்திருய்யா!"

"பெருமாளை எழுப்பணும்னா சுப்ரபாதம் பாடணும். திருப்பதி பக்கத்துலேயே இருந்துகினு இதுகூடத் தெரியாதா?"

"திமோனியே கதையை யார் யாருக்குச் சொன்னீங்க?" என்றார் ஜெகநாதன்.

ஏஜெண்ட் பெட்டியை விட்டு நிமிர்ந்தான். இதை அவன் எதிர்பார்க்கவில்லை என்பது பெருமாளுக்குத் தெரிந்தது. திருட்டுச் சாமான், கள்ள மார்க்கெட் என்று ஏதோ கேட்கப் போகிறார்கள் என்று பயந்திருந்தவன், கதைதானே என்று இளகினான்.

"எல்லாருக்கும்தாங்க சொல்லுவேன். யாவாரத்துக்குக் கதை வேணும் இல்ல? தையல்காரங்ககிட்ட, 'இது உங்க ஆளு கண்டுபுடிச்சது, உங்க சொத்து, பாடுபட்டு முதுகுல சுமந்தான்'னு சொல்லுவேன். கேட்டு உருகிப் போயி, பழைய மிஷினைக்கூட வாங்கிப்பாங்க."

"மிஷினை உடைச்ச கதை?"

"அவங்ககிட்ட அதைச் சொல்லுவேனா? ஐடியா குடுத்த மாதிரி ஆயிடாதா?"

"பின்னே யார்கிட்ட சொன்னீங்க?"

"முதலாளிங்ககிட்ட. 'ஒருத்தன் இப்படித்தான் பட்டாளத்துக்குத் துணி தைக்க எண்பது மிஷின் போட்டான், தையல்காரங்க உள்ள பூந்து தூள் தூளாக்கிட்டாங்க, அதனால நல்ல பூட்டாப் போடுங்க'ன்னு சொல்லுவேன். பூட்டும் நான்தாங்க விக்கறேன்."

"இந்த ஊரில் எத்தனை முதலாளிகளிடம் சொன்னீங்க?"

"கொட்டகை வெச்சிருக்கறது ஒருத்தர்தானேங்க. சுந்தரமூர்த்தி."

பெருமாள் பெட்டிமேல் நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்படியானால் கதவில் இருந்த காகிதம்! உடைத்த கதை ஊரிலேயே ஒரு காதுக்குள்தான் போயிருக்கிறது.

"சார், அந்தக் காகிதத்தை முதலாளியே..."

"இரு" என்றார் ஜெகநாதன். "அது காகிதம். மிஷினை உடைச்சது யாருங்கிறது வேற கேள்வி. சிவப்பிரகாசம், பத்தில் ஆறுதான் உடைஞ்சிருக்கு. நாலு மிஷின்மேல ஒரு கீறல்கூட இல்லைன்னு போலீஸ் ரிப்போர்ட்டுல இருக்கு. கோபத்தோடு வந்தவன் எண்ணி எண்ணியா உடைப்பான்? அந்த ஆறுக்கும் நாலுக்கும் என்ன வித்தியாசம்?"

ஏஜெண்டின் முகத்துப் பவுடரில் வியர்வை கோடு போட்டது.

"நாலும் புதுசா?"

"ஆங்... நாலும் நல்ல மிஷினுங்க. மேல ஒரு நூலு, கீழ பாபின்ல ஒரு நூலு. ரெண்டும் பின்னிக்கும்."

"ஆறு?"

"ரயில் வந்துடும் சார், விடுங்க."

"ரயிலுக்கு இந்தப் பெட்டி வராது" என்றான் பெருமாள்.

சிவப்பிரகாசம் குரலைத் தாழ்த்தினான். "யுத்தத்துல கப்பல் எங்க வருது? புது மிஷின் எங்க கெடைக்குது? பட்டாளத்துக்குத் தேதி வெச்சிருக்காங்க, உடனே பத்து வேணும்னு அவரு உசிரை எடுத்தாரு. மூடிப்போன ஒரு மாவு மில்லுலேர்ந்து ஆறு வாங்கிக் குடுத்தேன். சாக்கு வாய் தைக்கற மிஷின். அதுல பாபினே கெடையாது. ஒத்தை நூலை வளையம் வளையமாக் கோத்துகினே போவும். திமோனியே செஞ்ச மொத மிஷினும் அப்படித்தான், சங்கிலித் தையல்தான். தையல் பழக வந்த பொம்பளைங்களுக்கு அதைச் சொல்லித்தான் பழக்கினேன்."

ஜெகநாதன் திரும்பி ஓட்டலின் உள்பக்கம் பார்த்தார். அடுப்படியில் சமையல்காரன் ஒரு மைதா சாக்கை நிமிர்த்தி வைத்து, ஓரத்து நூலைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். சாக்கின் வாய் முழுவதும் ஒரே வீச்சில் திறந்துகொண்டது. கையில் முழ நீளத்துக்கு நூல் தொங்கியது.

பெருமாள் அந்த நூலையே பார்த்தான். சாக்கு என்றால் மாவு கொட்டும். ஸ்ட்ரெச்சர் என்றால்?

"அதுலயாய்யா ஆளைத் தூக்கற டோலி தைச்சீங்க?" என்றான். இந்தத் தடவை அவன் வேடிக்கையாகப் பேசவில்லை.

"நான் மிஷின்தான் வித்தேன்! அந்தப் பொம்பளைங்கள்ல ஒருத்தி என்கிட்ட வந்து கேட்டாளே, இது ஆள் கனம் தாங்குமான்னு. முதலாளிகிட்ட போய்க் கேளுன்னு சொல்லிட்டேன்."

"பெட்டி எங்களோட வருது" என்றார் ஜெகநாதன். "பெட்டியை விட மனசில்லைன்னா நீங்களும் வாங்க."

இன்ஸ்பெக்டரைக் கொட்டகைக்கு அழைத்துவர அரை மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. "ஒண்ணும் இல்லேன்னா, போலீசை ஏமாத்தினேன்னு உன்னையும் உள்ள தள்ளுவேன்" என்ற வாக்குறுதியோடுதான் அவர் புறப்பட்டார்.

கொட்டகை வாசலில் வேலையில்லாமல் பத்துப் பெண்கள் குந்தியிருந்தார்கள். சுந்தரமூர்த்தி கதவை மறித்துக்கொண்டு நின்றார். சலவை ஜிப்பா, நெற்றி நிறைய விபூதி.

"கோதண்டத்துக்கிட்ட கூலி வாங்கினவனெல்லாம் என் எடத்துல கால் வெக்கக் கூடாது."

"இன்ஸ்பெக்டர் கால் வைக்கலாம் இல்லையா?" என்று ஜெகநாதன் அவர் பின்னாலேயே நுழைந்தார்.

உள்ளே ஒரு பக்கம் உடைந்த ஆறு மிஷின்கள். பலகைக்கு அடியில் நூலைக் கொக்கி போட்டு இழுக்கும் பாகம் மட்டும் நசுங்கியிருந்தது. மேலே சக்கரம், ஊசி எல்லாம் பத்திரம். மறுபக்கம் தைத்து முடித்த ஸ்ட்ரெச்சர்கள் மூங்கில் கழி நுழைத்து ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஜெகநாதன் ஒன்றை எடுக்கச் சொன்னார். பெருமாளும் ஏஜெண்டும் இரு முனையையும் பிடித்துத் தூக்கினார்கள்.

"எவ்வளவு கனம் தாங்கும்?"

"ஆனையைத் தாங்கும்!" என்றார் சுந்தரமூர்த்தி.

"ஆனை மலைமேல இருக்கு, இறங்கி வர நேரமாகும்" என்றான் பெருமாள். "நீங்க படுங்க."

"நான் எதுக்குய்யா படுக்கணும்?"

"சும்மா. உங்க சரக்குதானே?"

சுந்தரமூர்த்தி ஓர் அடி முன்னே வந்தார். அப்போது ஜெகநாதன் கழி நுழைந்திருந்த ஓர மடிப்பின் முனையில் துருத்திக்கொண்டிருந்த நூலை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துக்கொண்டார். இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார். சுந்தரமூர்த்தியின் கண் அந்த விரல்களுக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"படுங்க" என்றார் ஜெகநாதன்.

வாசலில் இருந்த பெண்கள் எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்கு... இடுப்பு வலி."

இன்ஸ்பெக்டரின் மீசை அசைந்தது. காலையிலிருந்து அவர் சுந்தரமூர்த்தியைத் தவிர யாரையும் நம்பவில்லை. இப்போது அந்தப் பட்டியலில் இன்னொரு பெயர் சேர்ந்தது. "படுய்யா!" என்று உறுமினார்.

சுந்தரமூர்த்தி படுக்கவில்லை.

இன்ஸ்பெக்டரே வந்து ஜெகநாதன் கையிலிருந்த நூலை வாங்கி இழுத்தார். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை மடிப்பு சரசரவென்று பிரிந்தது. ஒரு பக்கத்துக் கழி பெருமாள் கையோடு தனியாக வந்தது. கான்வாஸ் தரையில் விழுந்தது.

"காகிதமும் முதலாளியோடதுதான்" என்ற ஜெகநாதன் ஏஜெண்டைக் காட்டினார். "மிஷின் உடைச்ச கதையை இந்த ஊரில் இவர் சொன்னது ஒரே ஒருத்தரிடம். ஒற்றை நூல் மிஷின் ஆறு மட்டும் உடைஞ்சு கிடக்கிறதைப் பார்த்ததும் முதலாளிக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. ஏன் ஆறுன்னு யாராவது கேட்டுட்டா? கேட்கிறதுக்கு முன்னாடி தையல்காரங்க தலையில போட்டுட்டார்."

"ஆக, தன் மிஷினைத் தானே உடைச்சுட்டு..." என்று இன்ஸ்பெக்டர் சுந்தரமூர்த்தியின் தோளைப் பிடித்தார்.

"நான் ஒடைக்கலீங்க! முருகன்மேல சத்தியம்! காகிதம் ஒட்டினது நான்தான், ஒடச்சது நான் இல்ல!"

"பின்னே யாருய்யா?"

எல்லாரும் ஜெகநாதனைப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். "தேவகி அம்மா என்னைக் கூப்பிட்டது, உடைச்சது கோதண்டம் இல்லைன்னு காட்டறதுக்கு. காட்டிட்டேன். அதுக்கு மேல நான் சொல்லப் போறதில்லை."

"சொல்லலேன்னா உன்னை..."

"அவரை ஏங்க மெரட்டறீங்க? நான்தான் ஒடச்சேன்."

வாசலில் நின்றவர்களில் ஒருத்தி உள்ளே வந்தாள். முப்பது வயது இருக்கும். ஒல்லியாக, சுங்குடிச் சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். பெயர் எல்லம்மாள். ஏஜெண்ட் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆள் கனம் தாங்குமா என்று கேட்டவள் இவள்தான் என்று பெருமாள் புரிந்துகொண்டான்.

"எங்க ஊட்டுக்காரு பர்மா எல்லையில டோலி தூக்கறாரு. அடிபட்டவனைப் போட்டுகினு மலை ஏறி எறங்கறேன்னு காகிதம் போட்டாரு. இது பிரிஞ்சிகினு வருதுங்கன்னு இந்த முதலாளி காலைப் புடிச்சேன். 'உனக்குக் கூலி தைக்கறதுக்கு, யோசனை பண்றதுக்கு இல்ல'ன்னான். அதுக்கு மேல இன்னா பண்றது? எல்லாரும் மலைக்குப் போன அன்னிக்கு, சுத்தியை எடுத்துகினு வந்தேன். நல்ல மிஷினைத் தொடலீங்க."

"அந்தக் கோதண்டத்தைப் புடிச்சப்ப ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் தலை கவிழ்ந்தது. "பயந்துட்டேன். புள்ளைங்க ரெண்டு இருக்குது. அவரு பொண்டாட்டி அழுதுகினு தெருவுல போறதைப் பாத்தேன். அப்பவும் சொல்லல. தப்புதான்."

"பட்டாளத்துச் சாமானை உடைச்சிருக்கே. கேஸ் உண்டு. தெரியுமா?"

"ஆங். புடிச்சிகினு போங்க. ஆனா மொதல்ல ஒரு தந்தி அடிச்சிடுங்க."

"எதுக்குத் தந்தி? சரக்குத்தான் இங்கேயே இருக்கே."

"இது ரெண்டாவது சரக்குங்க. மொதல் அறுபது டோலி போன மாசமே ரயில் ஏறிடுச்சி."

பெருமாள் கையில் இன்னும் அந்தக் கழி இருந்தது. ஜெகநாதன் அவனைத் திரும்பிப் பார்த்தார். இது அவருக்கும் தெரியாத சேதி. இன்ஸ்பெக்டர் சுந்தரமூர்த்தியை ஜிப்பாவோடு பிடித்து உலுக்கினார். "ஒண்ணுகூட அனுப்பலைன்னு என்கிட்ட எழுதிக் குடுத்தியேடா!"

சுந்தரமூர்த்தி மதராஸ் ராணுவ டிப்போவின் விலாசத்தை மட்டும் முணுமுணுத்தார்.

இன்ஸ்பெக்டரே ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடிப் போய்த் தந்தி அடித்தார். இரண்டு மணி நேரம் யாரும் கொட்டகையை விட்டு நகரவில்லை. மூன்று மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன் நிற்க வேண்டிய கோதண்டத்தை விட்டுவிடச் சொல்லி ஆள் போயிற்று. அவன் நேரே கொட்டகைக்கு வந்து, எல்லம்மாளைப் பார்த்து, "உன்னால ஒரு ராத்திரி பூரா உள்ள கெடந்தேன்" என்று காறித் துப்பிவிட்டுப் போனான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதில் தந்தி வந்தது. இன்ஸ்பெக்டர் படித்தார்: ஐம்பத்திரண்டு டிப்போவிலேயே இருக்கின்றன, நிறுத்திவிட்டோம். எட்டு மட்டும் சென்ற வாரம் பர்மா எல்லைக்குப் போய்விட்டது.

"எட்டு" என்றாள் எல்லம்மாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து தந்திக் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தார்.

"அந்த எட்டை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? சொல்லும்மா."

அவர் அவளை 'அம்மா' என்றது அப்போதுதான். அவள் கிட்டே வந்து நின்றாள்.

"ஓரத்து மடிப்பை அடிப்பக்கம் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க. சங்கிலியாட்டம் கண்ணி கண்ணியா இருந்தா அதான். அதுல ஆளைப் போடக் கூடாது. நூல் முனையை வெட்டக் கூடாது, முடிச்சுப் போடணும். பொறவு கையால ரெட்டை நூல்ல தெக்கணும்."

அவள் சொல்லச் சொல்ல, பட்டாளத்துக்காரர்களுக்குப் புரிகிற இங்கிலீஷில் இன்ஸ்பெக்டர் எழுதினார். ஒரு இடத்தில் அடித்துவிட்டு மறுபடி அவளைக் கேட்டு எழுதினார். முடித்ததும் பெருமாளிடம் நீட்டினார். "ஓடு. நான் முதலாளியையும் இந்தம்மாவையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகணும்."

பெருமாள் ஓடினான். நாடகக் கம்பெனியை விட்ட பிறகு அவன் ஓடியது இதுதான் முதல் தடவை. தந்தி ஜன்னலில் காகிதத்தைத் தள்ளிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

குமாஸ்தா வார்த்தைகளை எண்ணிவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "அனுப்பறவங்க பேரு இல்லையே?"

அவசரத்தில் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட மறந்திருந்தார்.

"எல்லம்மாள்" என்றான் பெருமாள்.

"வெறும் எல்லம்மாளா? மிலிட்டரிக்குப் போற தந்தி. உத்தியோகம் ஒண்ணும் இல்லேன்னா பிரிச்சுப் பார்த்துட்டுக் குப்பையில போட்டுடுவான்."

பெருமாள் நெற்றி வியர்வையை வழித்து விட்டான். அங்கே அவளை இந்நேரம் அழைத்துக்கொண்டு புறப்பட்டிருப்பார்கள்.

"இன்ஸ்பெக்டர்னு போடுங்க" என்றான். "எல்லம்மாள், ஸ்ட்ரெச்சர் இன்ஸ்பெக்டர், திருத்தணி."

குமாஸ்தா அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அப்படியே எழுதிக்கொண்டு, கட்டுகட்டென்று தந்தி அடிக்க ஆரம்பித்தார்.